மலைநாட்டு இலைதழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்டதும், லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் கேட்டதும் இங்கே கலந்து கிடக்கின்றன. அருவிக்கும் ரயில் பாலத்துக்கும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் இது இலைக்கு மட்டும்.

எல்லாம் ஒரே பச்சைதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஓடுகிற ரயிலிலிருந்து பார்த்தால் ஒரே பச்சைதான். இறங்கி ஒரே மேட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தேயிலைக் கொழுந்து வந்து நிற்கிற மலை மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்கும், நேற்றுப் பறித்து முடித்த மலை கரும்பச்சையாகிவிடும், கவ்வாத்து வெட்டிய (செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட) மலையில் பச்சையே இருக்காது, வெறும் சாம்பல்நிறக் குச்சிகள்தான். இடையில் நிற்கிற சவுக்கு மரங்களைக் (சில்வர் ஓக் என்பது இதைத்தான்) காற்று புரட்டினால் இலைகளின் வெள்ளி அடிப்புறம் தெரிந்து மேடே ஒரு நொடி வேறு நிறமாகிவிடும். இந்த நிறங்களில் பாதிக்கு மேல் மனிதர் கை பட்டு வந்தவை. யாரோ நட்டு, வெட்டி, பறித்து, சுமந்து உண்டாக்கின பச்சை இது. அது தெரிந்த பிறகுதான் எனக்கு இந்த மலை இன்னும் அழகாகப் படுகிறது, காட்சி என்று மட்டும் பார்க்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் பாதிதான் பார்க்கிறார்கள்.

தேயிலைச் செடி எப்படி இவ்வளவு மட்டமாக வளர்கிறது?

அதுவாக வளர்வதில்லை. தேயிலை அடிப்படையில் மரம், சும்மா விட்டால் 30 அடிக்கு மேலேயும் போகும். கைவிட்ட தோட்டங்களில் போய்ப் பாருங்கள், செடிக்குள்ளே ஆள் நின்றால் தெரியாது. இடுப்பு உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருப்பது இரண்டு வேலைகள். ஒன்று கவ்வாத்து: உயரமான மலைப்பகுதியில் (மேல்நாட்டில்) ஏறத்தாழ 4, 5 வருடத்துக்கு ஒரு தடவை செடியை வெட்டிக் குட்டையாக்குவது. மற்றது கொழுந்து எடுக்கிற கையே. செடியின் மேல் மட்டக்கம்பை வைத்துப் பார்த்து, அந்த மட்டத்துக்கு மேலே வந்ததை மட்டும் ஒடித்து எடுக்கிறார்கள், வாராவாரம், வருடக்கணக்காக. மலைச் சரிவு முழுக்க நூல் பிடித்தமாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கொழுந்துக்கும் மற்ற இலைக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் தேயிலைதானே?

எல்லாம் தேயிலைதான், ஆனால் எல்லாம் தேத்தண்ணி ஆகாது. எடுக்க வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். மொட்டின் மேல் மெல்லிய வெள்ளை ரோமம் இருக்கும், தனியாகப் பறித்துக் காயவைத்தால் வெள்ளி நிறத்தில் தெரியும், வெளிநாட்டுக் கடைகளில் கொள்ளை விலை. தேத்தண்ணியில் நம்மைத் தட்டி எழுப்புகிற கஃபீன் முற்றின இலையைவிட இந்த இளந்தளிரில்தான் அதிகம். இளசு என்பதால் பூச்சிகள் அதைத்தான் முதலில் தேடி வரும், அதனால் செடி தன் காவலையும் அங்கேயே வைத்திருக்கிறது. செடிக்குப் பூச்சிமருந்து, நமக்குக் காலைத் தேத்தண்ணி.

முற்றின இலை வீண் என்று நினைக்க வேண்டாம். வெயிலை வாங்கிச் செடிக்குச் சாப்பாடு போடுவது அதுதான், அது இல்லாவிட்டால் அடுத்த வாரம் கொழுந்து வராது. ஆகவே பறிக்கிறவருடைய திறமை எதை எடுக்கிறார் என்பதில் எவ்வளவோ, எதை விடுகிறார் என்பதிலும் அவ்வளவு. மொட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட கிளையைத் தொட்டவுடனே கண்டுபிடித்து ஒடித்துப் போடுகிற விரல்கள் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்தால் கை போகிற வேகத்தில் எது எங்கே போனது என்றே நமக்குத் தெரியாது.

கூடை நிறைந்து கொழுந்து மடுவத்தில் (எடை போடுகிற கொட்டகையில்) எடை பார்த்து, ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போனபிறகு நடப்பதும் இலையின் கதைதான். இரவு முழுக்கக் காற்று விட்டு வாடவைப்பார்கள், பாதித் தண்ணீர் போல அதிலேயே போய்விடும். பிறகு உருட்டுவார்கள். இலை நசுங்கி அதன் சாறு காற்றோடு சேரும்போது பச்சை போய்ச் செம்பு நிறம் வரும், வாசனை அங்கேதான் பிறக்கிறது. சரியான நேரத்தில் சூடுகாட்டி நிறுத்தாவிட்டால் கெட்டது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அடுத்த தடவை கோப்பையின் அடியில் கிடக்கிற தூளைக் கொட்டுமுன் இந்தக் கணக்கை ஒருதடவை நினைத்துப் பாருங்கள்.

கொழுந்து எடுப்பவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் கிலோக்கணக்குக்கு வேலை செய்கிறார்கள், உங்களுக்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் கூடையில் குறையும். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று தமிழில் கேட்டால் போதும். நிரைக்குள் புகுந்து கிளையை ஒடிக்க வேண்டாம். மரத்தில் குளவிக்கூடு இருக்கும் இடத்தில் கத்தவோ கல் எறியவோ கூடாது. குளவி கொட்டி உயிர் போன சம்பவங்கள் தோட்டங்களில் அடிக்கடி நடப்பவை.

இங்கே இலையுதிர்காலம் உண்டா? சிவப்பு இலை பார்த்தேனே?

ஐரோப்பாவில் நடப்பது போல மொத்தக் காடும் பழுத்துக் கொட்டுகிற காலம் இங்கே கிடையாது. மலைக்காடு எப்போதும் பச்சைதான், இலைகள் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் பார்த்த சிவப்பு பெரும்பாலும் தலைகீழான சங்கதி. அங்கே கிழட்டு இலை சிவக்கிறது, இங்கே பிறந்த இலை சிவக்கிறது. இலங்கையின் தேசிய மரமான நாகமரத்தைப் பேராதனையிலோ பழைய விகாரைகளின் முற்றத்திலோ தளிர்விடும் சமயத்தில் பாருங்கள், முழு மரமும் இளஞ்சிவப்பில் தொங்கும், தளிர்கள் எலும்பில்லாதவைபோலத் துவண்டு கிடக்கும், சில நாளில் நிமிர்ந்து பச்சையாகிவிடும். கறுவாவும் அப்படித்தான். ஹோர்ட்டன் சமவெளியில் நாவல் இனத்து மரங்கள் தளிர்விடும்போது காட்டின் மேல்மட்டம் அங்கங்கே செம்பு பூசினதுபோல் தெரியும். காரணம் அந்தோசயனின் என்ற நிறமி. கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காப்பாற்றுகிறது, பூச்சிக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்கிறார்கள். பச்சையம் பிறகு மெதுவாக நிறைகிறது.

ஹோர்ட்டன் சமவெளி மரங்களின் இலைகள் ஏன் சின்னதாகவும் தடிப்பாகவும் இருக்கின்றன?

அங்கே உயரம் 2,100 மீற்றருக்கு மேல். காற்று ஓயாது, இரவில் குளிர், பகலில் சுள்ளென்ற வெயில், மண்ணோ அவ்வளவு வளமில்லை. பெரிய மெல்லிய இலை போட்டால் கிழிந்துபோகும். ஆகவே சின்னதாக, தோல்போல, பளபளப்பாகப் போட்டு அதை நீண்ட காலம் வைத்துக்கொள்கின்றன. மரங்களும் குட்டைதான், உச்சி குடைபோல் விரிந்திருக்கும்.

ஆனால் இந்த இலைகள் செய்கிற பெரிய வேலை ஒன்று உண்டு. மூடுபனி மரங்களுக்குள் நுழைந்து போகும்போது அதிலுள்ள நுண்துளிகள் இலையிலும் கிளையிலும் தொங்குகிற பாசியிலும் ஒட்டிச் சேர்ந்து சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டிலிருந்து தண்ணீர் போகிறது. 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸும் அதில் வந்தன. உலக முடிவு (World's End) என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் வழியில் ஒரு கிளையையாவது தொட்டுப் பாருங்கள், கை ஈரமாகும்.

தேயிலைக்குள் ஏன் வேறு மரங்களை நட்டிருக்கிறார்கள்?

நிழலுக்கும் காற்றுத்தடுப்புக்கும் பசளைக்கும். சவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, இலை பன்னம் (ஃபெர்ன்) போல் பிளந்திருப்பதால் நிழலைச் சலித்து விடும். முள்முருங்கையை அவ்வப்போது கிளை வெட்டி இலைதழையை நிரைக்குள்ளேயே போடுவார்கள். அவரை இனம் என்பதால் தழைச்சத்து நிறைந்தது, உக்கி மண்ணுக்குப் போகும். கிளிரிசிடியாவும் அதே வேலைதான்.

அப்படியென்றால் பச்சையாக இருக்கிற எல்லாமே நல்லதா?

இல்லை. இது பலருக்குப் பிடிக்காத பதில். வெறும் புல்வெளியாகக் கிடந்த மேடுகளில் நட்ட பைன் காடு படத்துக்கு அருமையாக இருக்கும். உள்ளே போய்ப் பாருங்கள், ஊசியிலை தடிப்பாக மூடிக் கிடக்கும், அடியில் முளைப்பது கொஞ்சம், வரட்சி வந்தால் தீ பிடிப்பது சுலபம். டர்ப்பன்டைன் மரத்து (யூகலிப்டஸ்) இலையும் லேசில் உக்காது. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்கிற கோர்ஸ் புதர் ஐரோப்பாவிலிருந்து வந்து புல்வெளியைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு ஏன், தேயிலையே காட்டை அழித்த இடத்தில்தான் நிற்கிறது.

மண்சரிவு பற்றியும் கேட்கிறார்கள். இலைப்போர்வை மழைத்துளியின் அடியைத் தாங்கி மேல்மண் அரித்துப் போவதைத் தடுக்கும். அது உண்மை. ஆனால் ஆழத்தில் தண்ணீர் ஊறி மேடே வழுக்கும்போது மேலே உள்ள பச்சை ஒன்றும் செய்யாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியது அப்படிப்பட்ட சரிவு. "மலை பச்சையாக இருக்கிறது, பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எச்சரிக்கை வந்தால் வெளியேற வேண்டியதுதான்.

ஒரு இலை நோயால்தான் தேயிலை வந்தது என்கிறார்களே?

பெரும்பாலும் சரி. 1823 முதல் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் நடந்து வந்தது கோப்பிக்கு. 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிய ஆரம்பித்தது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்கிற பூஞ்சணம். இலை உதிர்ந்தது, மரம் நலிந்தது, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்கிற துரை லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார், துரைமார் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கோப்பிக்குப் பறிப்புக்காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும், தேயிலைக்கு வருடம் முழுக்க வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்த சனங்கள் குடும்பத்தோடு லயத்தில் தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இலையின் அடிப்பக்கத்தில் படிந்த ஒரு தூள்தான் இத்தனைக்கும் ஆரம்பம்.

சமையலுக்கு எந்த இலைகளை எடுக்கலாம்?

பட்டியல் நீளம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை, அகத்தி, பூசணிக் கொழுந்து, சவ்சவ் கொடியின் நுனி, முசுமுசுக்கை. லயத்துக் கொல்லையிலேயே பாதி கிடைக்கும், சந்தைக்குப் போகத் தேவையில்லை.

வல்லாரைச் சம்பலுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்து, தேசிக்காய்ப் புளியைச் சாப்பிட உட்காரும்போது விடுங்கள். புளி பட்டால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்று நிறம் மங்கி அழுக்குப் பச்சையாகிவிடும். கீரையை மூடி வேகவைத்தால் நிறம் போவதும் அதனால்தான், இலையிலிருந்து வருகிற அமிலம் ஆவியோடு வெளியே போகாமல் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுகிறது. திறந்து, சட்டென்று வதக்கி இறக்க வேண்டும். மூடி போட்டு அரைமணி நேரம் அவிக்கிற வீடுகளும் உண்டு, அது கீரைக்குச் செய்கிற அநியாயம்.

சேம்பு இலையைப் பச்சையாக வாயில் வைக்காதீர்கள், அதிலுள்ள ஒக்சலேட் ஊசிகள் தொண்டையைச் சொறியவைக்கும். நன்றாக வேகவைத்து, புளியோ கொறுக்காயோ போட்டுச் சமைப்பார்கள். தெரியாத இலையைத் தெரிந்தவர் காட்டாமல் பறிக்கவும் கூடாது. நுவரெலியாப் பக்கம் வேலியோரம் எக்காளம்போல் பெரிய பூ தொங்குகிற செடி இலையிலிருந்து விதை வரைக்கும் நஞ்சு.

சாப்பிடாமலே சாப்பாட்டுக்கு உதவுகிற இலையும் இருக்கிறது. குரக்கன் மா, தேங்காய், பாணி பிசைந்து கெந்த இலையில் மடித்து அவிக்கிற ஹலப்ப என்கிற பலகாரத்தில் அந்த இலை வாசனைதான் பாதி ருசி. கறியில் போடுகிற ரம்பையும் கறிவேப்பிலையும் உங்களுக்கே தெரியும். வாழையிலையைத் தணலில் வாட்டிச் சோறு கட்டினால் கிழியாது, மணமும் வரும். 2017இல் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தபோது இனி எதில் கட்டுவது என்று சிலர் திகைத்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

கோயில் காரியத்துக்கு எந்த இலை, எங்கே கிடைக்கும்?

மாவிலை, தென்னங்குருத்து, வாழை, வெற்றிலை, வேப்பிலை. இதில் மேல்நாட்டுக்காரர்களுக்குத் தொல்லை வேப்பிலைதான். வேம்பு வெப்பமும் வரட்சியும் கேட்கிற மரம், நுவரெலியாக் குளிரில் சரிப்பட்டு வராது. மாரியம்மன் திருவிழா நெருங்கினால் கீழ்ப்பக்கத்துச் சொந்தக்காரருக்குப் போன் போட்டு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வதுதான் வழக்கம். தென்னங்குருத்தும் அப்படியே. திருவிழாக் காலத்தில் முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

வெற்றிலை மங்கலத்துக்கு, மரியாதைக்கு எல்லாம் சரி. மெல்லுகிற பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் என் பதில் வேறு. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய் தருபவை என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொல்லி எப்போதோ முடிந்த கதை. மலையில் குளிருக்கும் பசிக்கும் மெல்லுகிறோம் என்கிறார்கள். காரணம் புரிகிறது, ஆனாலும் விடுவது நல்லது.

வீட்டுக்குள் இலைச்செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

அவ்வளவாக இல்லை. 1989இல் நாசா செய்த ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள், அது அடைத்த சின்னப் பெட்டிக்குள் செய்தது. சாதாரண அறையில் அந்தப் பலன் வேண்டுமானால் உள்ளே காலை வைக்கவே இடமில்லாத அளவுக்குச் செடி வேண்டும். ஜன்னலைத் திறங்கள்.

ஆனாலும் வையுங்கள். 1984இல் ரொஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். ஒரே மாதிரி ஒப்பரேஷன் செய்தவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமாத்திரையும் குறைவாகக் கேட்டார்கள். லயத்து முன்வாசலில் பால்மா டின்னிலும் பெயின்ட் வாளியிலும் குரோட்டனும் பிகோனியாவும் வரிசையாக வைத்திருக்கிற நம் பெண்களுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்ந்துகொண்டு, முழுநாளும் இலைக்குள்ளேயே நின்றுவிட்டு வந்து, திரும்பவும் ஒரு இலைச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது அவர்களுடைய சொந்த இலை, அதை யாரும் நிறுக்கமாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் டிஃபன்பேக்கியா மட்டும் வேண்டாம். கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும்.

செடியின் இலை மஞ்சளாகிறது, என்ன செய்ய?

எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். அடி இலைகள் முழுதாக வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் போதவில்லை. ஓரம் மட்டும் கருகினால் பெரும்பாலும் பொட்டாசியம். நுனித்தளிர் வெளுத்தால் இரும்பு. எல்லாமே ஒன்றாக மஞ்சளாகித் தொங்கினால் தண்ணீரைக் குறையுங்கள், வேர் அழுகிக்கொண்டிருக்கலாம்.

2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து நவம்பரில் எடுக்கப்படும் வரைக்கும், அதன் பிறகும் சில மாதம், உரம் கிடைக்காத மலைகளின் நிறம் வெளுத்துக்கொண்டே போனதைத் தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இலையின் நிறம் குறைந்தால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் சம்பளம் குறையும்.

தேயிலையில் வெளிர்நிறக் கொப்புளம் கண்டால் அது கொப்புள நோய், இங்கே 1946இல் வந்தது. மப்பும் மழையுமான நாட்களில் இளந்தளிரைத்தான் பிடிக்கும். சிறுதோட்டக்காரர்கள் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையைக் கேட்டு மருந்தடிப்பது நல்லது, பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன அளவை நம்பி அடிக்காதீர்கள்.

சருகைக் கூட்டி எரிக்கலாமா?

வேண்டாம். மரத்தடியிலேயே விடுங்கள், அல்லது குழியில் போட்டு மேலே கொஞ்சம் மாட்டுச் சாணம். நுவரெலியாக் குளிரில் உக்குவதற்குக் கீழ்நாட்டைவிட நாள் எடுக்கும், பொறுமை வேண்டும். எங்கள் பக்கம் கோவா, லீக்ஸ் தோட்டங்களில் கழிக்கிற இலைகளையும் அதே குழியில் போடலாம், மாட்டுக்குப் போனதுபோக மிச்சம் இருந்தால்.

இலை பார்க்க எந்த மாதம் வரலாம்?

எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும். விடியற்காலையில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போன மலைகளையும் சில வருடங்களில் பார்க்கலாம், தோட்டத்துக்கு அது நட்டம். ஏப்ரல் மழை இறங்கினதும் செடிகள் ஒரேயடியாகத் துளிர்க்கும், தளிர்ப் பச்சை பார்க்க அதுதான் நேரம், ஆனால் வசந்தகாலம் என்று நுவரெலியாவில் சனநெரிசல் தாங்காது, பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கம் போய்விடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாப் பக்கம் வரண்ட காற்று அடிக்கும், பண்டாரவளை, ஹப்புத்தளை மலைகளில் கொழுந்து மெதுவாக வளரும், ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த வாசனை அந்த மாதங்களின் இலையில்தான் இருக்கிறது. அதே மாதங்களில் ஹட்டன் பக்கம் அடைமழை. பாசியும் பன்னமும் பார்க்க ஆசையென்றால் அப்போதும் வரலாம், ஹக்கலை பூங்காவின் பன்னங்கள் மழையில்தான் நன்றாக இருக்கும். நீளக் காலுறை போட்டு அதன்மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது.